சிரித்த முகமும் 16 மில்லிமீட்டர் படச்சுருளும்

கடைக்கு வந்தவரிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டும், தொலைபேசியை எடுத்ததும் எரிந்து விழக் கூடாது, எதிரில் நிற்பவருக்கும் ஒரு கவலை இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இவற்றைக் கற்றுக்கொடுக்கவே பெரிய நிறுவனங்கள் தம் கைக்காசைப் போட்டுப் படம் எடுத்த வரலாறு ஏறக்குறைய நூறாண்டு நீளமுள்ளது. டிக்கெட் விற்று ஓடிய படங்கள் அல்ல இவை. தொழிற்சாலையின் உணவுக்கூடம், கார் விற்பனையகத்தின் பின்னறை, பள்ளி வகுப்பு, மாதர் சங்கம், தேவாலயக் கூடம் என வெள்ளைத்திரை மாட்ட முடிந்த இடங்களிலெல்லாம் இலவசமாகக் காட்டப்பட்டன. பெரும்பாலானவை பத்து நிமிடத்திலிருந்து அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் மட்டும் தொழில் நிறுவனங்களும் பிற அமைப்புகளும் எடுத்த இத்தகைய படங்கள் சுமார் 3 லட்சம் இருக்கலாம் என்பது ஆவணச் சேகரிப்பாளர் ரிக் பிரெலிங்கரின் கணிப்பு. பணிவையும் வாடிக்கையாளர் சேவையையும் பேசிய படங்கள் அதில் ஒரு பிரிவு.

இந்தப் பிரிவின் வேர் சினிமாவுக்கு முந்தையது. முதல் தொலைபேசி இணைப்பகங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் பையன்கள். தந்தி அலுவலகத்தில் செய்தி சுமந்து திரிந்தவர்களையே இங்கும் உட்கார வைத்தார்கள். தந்தி ஆபீசில் வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலை அவர்களுக்கு அதிகம் இருந்ததில்லை. இங்கோ பேச்சே வேலை. பையன்கள் அழைத்தவரைக் கிண்டல் செய்தார்கள், வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு இணைப்பை மாற்றிக் கொடுத்தார்கள். புகார்கள் குவிந்தன. 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண் ஆபரேட்டராகச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் தொலைபேசி ஆபரேட்டர் அவர்தான். சில ஆண்டுகளிலேயே அந்த வேலை பெண்களின் வேலை என்றாகிவிட்டது. மென்மையான குரல் ஒரு காரணம், குறைந்த சம்பளம் இன்னொரு காரணம்.

தொலைபேசிச் சேவையை நடத்திய பெல் நிறுவனம் அந்தக் குரலை விதிகளால் செதுக்கியது. அழைத்தவரிடம் எண்ணைக் கேட்பதற்கு இன்ன சொற்கள்தான், இந்த ஏற்ற இறக்கத்தில்தான் என்று வகுத்தது. வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் ஆபரேட்டர் பதிலுக்குக் கத்தக் கூடாது. மேற்பார்வையாளர் இடையில் ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போடுவார். இந்தப் பயிற்சியின் விளைவைத்தான் ‘புன்னகையோடு கூடிய குரல்’ என்று நிறுவனம் பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்தது. அந்த விளம்பரங்கள் சொல்லாத விஷயங்களும் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான பெல் நிறுவனங்கள் 1940கள் வரை கறுப்பினப் பெண்களை ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார விடவில்லை. 1919 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து மாநிலங்களின் ஆபரேட்டர்கள், ஜூலியா ஓ’கானர் என்பவரின் தலைமையில், ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து ஆறே நாளில் கூலி உயர்வைப் பெற்றார்கள். புன்னகைக்கும் ஒரு விலை உண்டு என்று அவர்கள் கணக்குக் காட்டிய நிகழ்வு அது.

பெல் நிறுவனங்களின் தாய் நிறுவனமான அமெரிக்கன் டெலிபோன் அண்ட் டெலிகிராஃபுக்கு இந்தப் பணிவு வெறும் நாகரிகம் அல்ல. நாட்டின் தொலைபேசித் தொழிலில் பெரும்பங்கைத் தன் கையில் வைத்திருந்த தனியார் ஏகபோகம் அது. அரசு எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம், பொதுவுடைமை ஆக்கலாம் என்ற அச்சம் அதன் தலைவர்களை விட்டு அகலவே இல்லை. நிறுவனத் தலைவர் தியடோர் வேய்ல் 1908இல் தொடங்கிய விளம்பர இயக்கம் பொருளை விற்கவில்லை. நிறுவனத்தின் நல்ல பெயரை விற்றது. வீட்டில் இருப்பவர் நிறுவனத்தின் தலைவரைப் பார்க்கப் போவதில்லை. அவர் காதில் விழுவது ஆபரேட்டரின் குரல் மட்டுமே. அந்தக் குரல் இனித்தால் ஏகபோகமும் இனிக்கும் என்பது கணக்கு. சினிமா இந்தக் கணக்குக்குள் இயல்பாகவே வந்து சேர்ந்தது.

அதற்கு வசதி செய்து தந்தது 1923இல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்த 16 மில்லிமீட்டர் படச்சுருள். திரையரங்குகளில் ஓடிய 35 மில்லிமீட்டர் நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். அதற்குத் தனி அறையும் பழகிய ஆளும் வேண்டும். 16 மில்லிமீட்டர் சுருளோ எளிதில் தீப்பற்றாத அடித்தளத்தில் செய்யப்பட்டது. புரொஜெக்டரைப் பெட்டியில் போட்டுத் தூக்கிப் போகலாம். ஒரு விற்பனை மேலாளரே மேசைமேல் வைத்து ஓட்டலாம்.

1927இல் பெல் நிறுவனத்துக்காக ஃப்ளைஷர் சகோதரர்களின் கூடம் எடுத்த ‘நவ் யூ ஆர் டாக்கிங்’ என்ற மௌனப் படம் இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. பின்னாளில் பாப்பாய் கார்ட்டூன்களால் புகழ்பெற்ற கூடம் அது. தொலைபேசியை முரட்டுத்தனமாகக் கையாளும் ஒருவர் தூங்கிப்போகிறார். கனவில் அவருடைய தொலைபேசிக்குக் கை கால் முளைத்து, தான் படும் பாட்டைச் சொல்லி அழ மருத்துவமனைக்குப் போகிறது. கவனிக்க வேண்டியது, இங்கே பாடம் ஊழியருக்கு அல்ல, வாடிக்கையாளருக்கு. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் எண்வட்டுத் தொலைபேசி வந்தபோது, அதை எப்படிச் சுழற்றுவது என்று காட்டவும் ஒரு படம் எடுத்தார்கள். இணைத்துத் தரும் ஆளை இயந்திரம் அகற்றும்போது, அந்த ஆளின் வேலையோடு அவருடைய ஒழுங்கையும் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பிரிட்டனில் தொலைபேசி அஞ்சல் துறையின் வசம் இருந்தது. அத்துறையின் திரைப்படப் பிரிவு 1933இல் ஜான் கிரியர்சன் தலைமையில் உருவானது. 1936இல் ‘நைட் மெயில்’ என்ற புகழ்பெற்ற ஆவணப்படத்தை எடுத்த அதே பிரிவு, அதே ஆண்டில், ஓவியர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் இயக்கத்தில் ‘தி ஃபேரி ஆஃப் த ஃபோன்’ என்ற சிறுபடத்தையும் வெளியிட்டது. ஆபரேட்டர் பெண்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டே தொலைபேசியில் பேசும் முறையைச் சொல்லித்தருகிறார்கள். ஆவணப்படக் கலையின் வரலாறு எழுதியவர்கள் முதல் படத்துக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கினார்கள். இரண்டாவதை ஓரிரு வரியில் கடந்தார்கள். பார்ப்பவருக்குச் சிரிப்பு வருவது என்னவோ இரண்டாவதில்தான்.

போருக்குப் பின் பெல் நிறுவனம் பள்ளிக் குழந்தைகளிடம் போனது. ‘அட்வென்ச்சர் இன் டெலிசோனியா’ என்ற படத்தில் ஒரு சிறுவன் பொம்மைகளின் நாட்டுக்குப் போய், தொலைபேசியில் பணிவாகவும் தெளிவாகவும் பேசக் கற்றுத் திரும்புகிறான். பொம்மைகளைச் செய்தவர் பில் பேர்ட். ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் குழந்தைகள் நடத்தும் பொம்மலாட்டத்துக்கும் இவருடைய பொம்மைகளே பயன்பட்டன. 1974இல் அதே கருவைப் பாட்டும் ஆட்டமுமாக மறுபடி எடுத்தார்கள். பெரியவர்களுக்கான படங்களில் 1960களின் நடுவில் வந்த ‘இன்விசிபிள் டிப்ளமேட்ஸ்’ குறிப்பிடத்தக்கது. அலுவலகங்களின் உள் இணைப்புப் பலகையில் உட்காரும் பெண்களே நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாத தூதர்கள் என்பது அதன் வாதம். தூதருக்கு உரிய மரியாதை தலைப்பில் இருந்தது. சம்பளத்தைப் பற்றிப் படம் பேசவில்லை.

கார் தொழிலில் கதை வேறு மாதிரி. அங்கே ஏகபோகம் இல்லை, போட்டி இருந்தது. நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நின்றவர்களோ அதன் ஊழியர்கள் அல்ல; ஊர் ஊராக இருந்த டீலர்களும் அவர்களிடம் கமிஷனுக்கு வேலை பார்த்த விற்பனையாளர்களும். டெட்ராய்டில் உட்கார்ந்திருக்கும் செவ்ரோலே கார் நிறுவனம், ஆயிரம் மைல் தள்ளி ஒரு சிற்றூர்க் கடையில் விற்பனையாளர் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்ல ஒரே வழி படம்தான். அந்த வேலையைப் பெருமளவில் செய்துகொடுத்தவர் ஜாம் ஹேண்டி.

ஹென்றி ஜேமிசன் ஹேண்டி என்ற முழுப்பெயர் கொண்ட அவர் 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் நீச்சலில் வெண்கலம் வென்றவர். இருபது ஆண்டு கழித்து 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் வாட்டர் போலோவில் மறுபடி வெண்கலம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பேராசிரியர் ஒருவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய செய்தியால் படிப்பை இழந்தார். அதன்பின் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார். தன் படத்தயாரிப்பு நிறுவனத்தில் அவர் தனக்கென்று அறை வைத்துக்கொள்ளவில்லை. காலியாக இருக்கும் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். அவர் நிறுவனம் எடுத்த படங்கள் சுமார் 7,000 என்று மதிப்பிடுவார்கள். அதைவிடப் பல மடங்கு அதிகம் அது தயாரித்த நிலைப்படச் சுருள்கள். இவை அசையும் படங்கள் அல்ல. இசைத்தட்டில் ஒருவர் குரல் ஓடிக்கொண்டிருக்கும். இடையே ஒரு மணியோசை கேட்கும். கேட்டதும் இயக்குபவர் அடுத்த படத்தைத் தள்ள வேண்டும். மலிவானது, கெட்டுப்போகாதது. கடைச் சிப்பந்திகளுக்குப் பணிவு போதித்ததில் பெரும்பங்கு, சினிமாவைவிட இந்த மணியோசைப் பெட்டிக்கே உண்டு.

ஜாம் ஹேண்டி செவ்ரோலேவுக்காக 1940 வாக்கில் எடுத்த ‘ஹையர்ட்!’ சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. கார் விற்பனையகத்தின் மேலாளர் ஒருவர் புதிய விற்பனையாளர்களை வேலைக்கு எடுக்கிறார். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, வெறுங்கையோடு திரும்புகிறார்கள். மேலாளர் அவர்கள்மேல் கடுகடுக்கிறார். மாலையில் வீட்டுத் திண்ணையில் தன் வயதான தந்தையிடம், இந்தக் காலத்துப் பையன்கள் எதற்கும் லாயக்கில்லை என்று புலம்புகிறார். தந்தை தலையில் கைக்குட்டையைப் போர்த்தியபடி பூச்சிகளை விரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு நிதானமாகச் சொல்கிறார்: ஆளை எடுத்தாயே, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாயா, கூடப் போனாயா? மறுநாள் மேலாளர் புதிய பையனோடு சேர்ந்து தெருவில் இறங்குகிறார். நடிப்பு மரக்கட்டை, வேகம் ஆமை. ஐம்பது ஆண்டு கழித்து அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ நிகழ்ச்சி அந்தக் கைக்குட்டைத் தாத்தாவை வைத்தே சிரிக்கச் சிரிக்கக் கேலி செய்தது. கேலி நியாயமே. ஆனாலும் இந்த வகைப் படங்களில் அபூர்வமான ஒன்றை ‘ஹையர்ட்!’ செய்தது: குற்றத்தைக் கீழே இருப்பவர்மேல் போடாமல் மேலாளர்மேல் போட்டது.

இதே கார் விற்பனை உலகத்திலிருந்து வந்த ஒரு வாசகம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்கு பழக்கமானது. வாடிக்கையாளரே நம் இடத்துக்கு வரும் முக்கியமான விருந்தாளி, அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பி இருக்கிறோம் என்ற பொருளில் வங்கிகளிலும் கடைகளிலும் காந்தியின் படத்தோடு சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். காந்தி அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அந்த வாசகம் அச்சில் கிடைக்கும் பழைய இடங்களில் ஒன்று 1941ஆம் ஆண்டின் அமெரிக்க விளம்பரத் தொழில் இதழ். அங்கே அதைச் சொன்னவராகக் குறிக்கப்படுபவர் ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனத்தின் விற்பனைத் துணைத்தலைவர் கென்னத் எலியட். கார் விற்றவரின் வாசகத்தை இராட்டையில் நூற்றவர் பெயரில் மாட்டியதால்தான் அதற்கு இத்தனை ஆயுள் கிடைத்தது போலும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகள் இந்தப் படங்களின் பொற்காலம். போர்க்காலப் பற்றாக்குறையில் கடைக்காரர்கள் சரக்கை இழுத்துப் பிடித்து, ‘இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் போ’ என்று பழகிவிட்டார்கள். போர் முடிந்து சரக்கு குவிந்ததும் அந்தப் பழக்கம் தொல்லையானது. ராணுவத்தில் பயிற்சிப் படங்கள் பார்த்தே வேலை கற்ற லட்சக்கணக்கானோர் தொழிலுக்குத் திரும்பியிருந்தனர். படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பது அவர்களுக்குப் புதிதல்ல. இன்னொரு பக்கம், 1916இல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய ‘பிக்லி விக்லி’ வழியாகப் பரவிய சுயசேவைக் கடைகள் எடுத்துக்கொடுக்கும் சிப்பந்தியை ஒழித்துவிட்டன. கடைசியில் மனிதராக மிஞ்சியவர் கல்லாவில் இருப்பவர் மட்டுமே. முன்பு ஐந்து பேர் பங்குபோட்டுக்கொண்ட சிரிப்பை இப்போது அவர் ஒருவரே சிரிக்க வேண்டும்.

இந்தப் படங்களின் இலக்கணமும் அதற்குள் நிலைத்துவிட்டது. முதலில் ஒரு சிடுசிடுப்பான ஊழியர். வாடிக்கையாளர் மனம் நொந்து போகிறார். பின்னணிக் குரல், ஆழமான ஆண் குரல், அந்த இழப்பின் கணக்கைச் சொல்கிறது. பிறகு அதே காட்சி திரும்ப, இம்முறை பல் தெரிய. பெரும்பாலும் ஊழியர் பெண், அறிவுரை சொல்பவர் ஆண். கடுகடுப்புக்குக் காரணம் கால்வலியா, சம்பளமா, எட்டு மணி நேரம் நிற்பதா என்று யாரும் கேட்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்கள் இருட்டில் கண்ணயர்ந்ததில் வியப்பில்லை.

அந்தத் தூக்கத்தைக் கலைத்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1972இல் லண்டனில் ‘வீடியோ ஆர்ட்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொலைக்காட்சித் துறையினர் சிலர் சேர்ந்து தொடங்கினார்கள். பிபிசியில் பணியாற்றிய ஆன்டனி ஜே, பிபிசி 2 அலைவரிசையின் முதல் கட்டுப்பாட்டாளர் மைக்கேல் பீகாக், இயக்குநர் பீட்டர் ராபின்சன், ‘மான்டி பைதன்’ நகைச்சுவைக் குழுவின் ஜான் கிளீஸ் ஆகியோர் அவர்களில் இருந்தனர். பழைய முறையில் ஒரு நிறுவனம் பணம் கொடுத்துத் தனக்கென்று படம் எடுக்கும். இவர்கள் படத்தைத் தாங்களே எடுத்து, எத்தனை நிறுவனங்கள் கேட்டாலும் வாடகைக்கும் விலைக்கும் கொடுத்தார்கள். ஒருவருடைய விளம்பரமாக இருக்க வேண்டிய கட்டாயம் போனதும் படத்துக்குள் நகைச்சுவை நுழைய இடம் கிடைத்தது.

முதல் படம் ‘ஹூ சோல்ட் யூ திஸ், தென்?’. இந்தச் சாமானை உங்கள் தலையில் கட்டியது யார் என்று கேட்கும் தலைப்பு. கேட்பவர் போட்டி நிறுவனத்து ஆள் அல்ல. அதே நிறுவனத்தின் சர்வீஸ் என்ஜினியர். கிளீஸ் நடித்த அந்தப் பாத்திரம் பழுது பார்க்க வீட்டுக்கு வருகிறது. வேலையில் கெட்டிக்காரர். ஆனால் வாய் திறந்தால், இந்த மாடலா, இது எப்போதும் மக்கர் பண்ணும், விற்றவன் சொல்லவில்லையா என்று தன் நிறுவனத்தின் மானத்தைத் தானே வாங்குகிறார். பார்த்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். சிலருக்கு அது தாங்களே என்றும் தெரியும். பாடம் அங்கேதான் இறங்கியது. அடுத்த ஆண்டு ‘இட்ஸ் ஆல்ரைட், இட்ஸ் ஒன்லி எ கஸ்டமர்’ வந்தது. வந்திருப்பது வெறும் வாடிக்கையாளர்தானே, காத்திருக்கட்டும் என்ற அலட்சியத்தைப் பற்றியது. 1976இன் ‘மீட்டிங்ஸ், பிளடி மீட்டிங்ஸ்’ அலுவலகக் கூட்டங்களை நையாண்டி செய்து அவர்களின் மிகப் பிரபலமான படமானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாடிக்கையாளரை மதிக்கச் சொல்லும் படங்களில் நடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கிளீஸ், உலகத் தொலைக்காட்சியின் மிக முரட்டு விடுதிக்காரரான பேசில் ஃபால்ட்டியைப் படைத்தார். 1970இல் மான்டி பைதன் குழு டார்க்வி நகரில் தங்கிய விடுதியின் உரிமையாளர், விருந்தினர் ஒருவர் கத்தியும் முள்ளும் பிடித்த விதத்தைக் குறை சொன்னார். இன்னொருவரின் கைப்பெட்டியில் வெடிகுண்டு இருக்கலாம் என்று அதைக் கொண்டுபோய் வெளியே வைத்தார். அவரை முன்வைத்து 1975இல் பிபிசியில் தொடங்கிய ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மொத்தம் 12 பகுதிகளே. பயிற்சிப் படங்களும் இந்தத் தொடரும் ஒரே திறமையின் இரு பயன்கள். தவறை ரசித்துச் செய்து காட்டத் தெரிந்தவர்தான் சரியை அலுப்பில்லாமல் சொல்ல முடியும். 1989இல் வீடியோ ஆர்ட்ஸ் 4 கோடி பவுண்டுக்கு மேல் விலைபோனது. ஆன்டனி ஜே அதற்கு முன்பே ‘யெஸ் மினிஸ்டர்’ தொலைக்காட்சித் தொடரை இணைந்து எழுதிப் புகழ் பெற்றிருந்தார்.

1980களில் வீடியோ கேசட் வந்து, ஒவ்வொரு கடையின் பின்னறையிலும் ஒரு டிவியும் கேசட் ஓட்டும் பெட்டியும் சேர்ந்தன. அமெரிக்க பர்கர் கடையான வெண்டீஸ், சூடான பானம் ஊற்றும் முறையைக்கூடப் பாட்டாகப் பாடிக் கேசட்டில் பதிந்து அனுப்பியது. அதே காலத்தில் விமான நிறுவனங்கள் சேவையை மதம் போலப் பரப்பத் தொடங்கின. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ்ஸின் தலைவர் யான் கார்ல்சன் ஒரு கணக்குச் சொன்னார். ஆண்டுக்கு 1 கோடிப் பயணிகள். ஒவ்வொருவரும் சுமார் ஐந்து ஊழியர்களைச் சந்திக்கிறார்கள், தடவைக்குச் சராசரி 15 விநாடி. ஆகவே நிறுவனம் ஆண்டுக்கு 5 கோடித் தடவை, பதினைந்து பதினைந்து விநாடியாக, உருவாகிறது அல்லது உடைகிறது. கணக்கோடு நில்லாமல், முன்னால் நிற்கும் ஊழியரே முடிவெடுக்கலாம் என்ற அதிகாரத்தையும் அவர் கொடுத்தார். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1983இல் ‘புட்டிங் பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்ற பயிற்சியை ஊழியர் அனைவருக்கும் நடத்தியது. மனிதருக்கே முதலிடம் என்பது அதன் பெயர். அதற்குச் சற்று முன்புதான் சுமார் 20,000 மனிதர்களை அந்த நிறுவனம் வேலையிலிருந்து குறைத்திருந்தது.

அதே 1983இல் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு ‘தி மேனேஜ்ட் ஹார்ட்’ என்ற நூலை வெளியிட்டார். டெல்டா விமான நிறுவனத்தின் பணிப்பெண் பயிற்சியை உடனிருந்து பார்த்து எழுதியது. விமான அறையை உங்கள் வீட்டுக் கூடமாக நினையுங்கள், பயணியை விருந்தாளியாக நினையுங்கள் என்று அங்கே சொல்லித்தந்தார்கள். கத்தும் பயணியிடம் கோபம் வந்தால், அவருக்கு ஏதோ பெரிய துக்கம் நேர்ந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். முகத்தை மட்டும் அல்ல, மனதையே வேலைக்கு ஏற்ப வளைப்பதும் உழைப்பே. அதற்கு உடலைப் போலவே உள்ளமும் களைக்கும் என்று அவர் காட்டினார். அறுபது ஆண்டுகளாகப் படங்கள் போதித்த ஒன்றுக்கு முதன்முதலாக உழைப்பு என்று பெயர் கிடைத்தது அப்போதுதான்.

பிந்தைய படங்களில் இரண்டு தனித்து நிற்கின்றன. ஒன்று, ‘கிவ் எம் த பிக்கிள்’. 1963இல் போர்ட்லாந்தில் ஐஸ்கிரீம் கடை தொடங்கிப் பல ஊர்களுக்கு விரித்த பாப் ஃபேரல் இதில் தாமே பேசுகிறார். அவர் கடையில் பல ஆண்டுகளாகப் பர்கர் சாப்பிட்டு வந்த ஒருவர் ஒரு கடிதம் எழுதினார். எப்போதும் கூட ஒரு ஊறுகாய் வெள்ளரித் துண்டு கேட்பார், சும்மா கொடுப்பார்கள். ஒருநாள் புதிதாக வந்த பெண் அதற்குத் தனி விலை என்று சொல்லிவிட்டார். இனி வரமாட்டேன் என்று வாடிக்கையாளர் எழுதிவிட்டார். ஃபேரல் மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஊழியர்களிடம், கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றார். இந்தக் கதை ஏன் நிலைத்தது என்றால், அதில் புன்னகை என்ற சொல்லுக்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரி இருக்கிறது. விலை கேட்ட பெண் கெட்டவர் அல்ல, விதியைப் பின்பற்றியவர். மாற வேண்டியிருந்தது விதி.

மற்றொன்று, மின்னியாபொலிஸ் பகுதியின் சார்ட்ஹவுஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘ஃபிஷ்!’. இயக்கியவர் ஜான் கிறிஸ்டென்சன். சியாட்டில் நகரின் பைக் பிளேஸ் சந்தையில் மீன் விற்பவர்கள், வாங்கியவரின் மீனைக் கூட்டத்தின் தலைக்கு மேலே வீசி, கல்லாவில் இருப்பவர் பிடிக்க, சேர்ந்து கூவுவார்கள். மீன் நாற்றத்தில், குளிரில், விடியலில் தொடங்கும் அந்த வேலையையே இவர்கள் கொண்டாட்டமாகச் செய்யும்போது மற்றவர்களால் முடியாதா என்பது படத்தின் கேள்வி. மருத்துவமனைகளும் பள்ளிகளும் அழைப்பு மையங்களும் அதை வாங்கிப் போட்டுக் காட்டின. சந்தையில் அந்த விளையாட்டை மீன்காரர்களே கண்டுபிடித்தார்கள். அலுவலகங்களில் அது மேலிடத்து உத்தரவாக வந்தது. இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் படம் அளக்கவில்லை.

நிறுவனம் அல்லாமல் அரசே இதைச் செய்த இடம் சிங்கப்பூர். சுற்றுலா வாரியம் தொடங்கிய பணிவு இயக்கத்தை 1979இல் பிரதமர் லீ குவான் யூ தேசிய இயக்கமாக்கினார். ஆங்கிலம், மலாய், சீனத்தோடு தமிழிலும் அதன் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. 1982இல் ‘சிங்கா’ என்ற சிரிக்கும் சிங்கம் அதன் சின்னமானது. 2013இல் அந்தச் சிங்கம், மக்கள் மாறவில்லை என்று அலுத்துக்கொண்டு ‘ராஜினாமா’க் கடிதம் கொடுத்ததாக ஓர் அறிவிப்பு வந்தது, அதுவும் பிரசாரத்தின் ஒரு பகுதியே.

இணையக் காலத்தில் பின்னறைப் படம் வெளியே வந்துவிட்டது. கோழி உணவு நிறுவனமான சிக்-ஃபில்-ஏ தன் ஊழியர்களுக்காக எடுத்த ‘எவ்ரி லைஃப் ஹேஸ் எ ஸ்டோரி’ படத்தில், உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் பக்கத்திலும் அவர் மனதில் சுமக்கும் கவலை எழுத்தில் தோன்றும். 2013இல் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனை அதே உத்தியில் ஒரு படம் வெளியிட்டது. நோயாளியின் தலைக்கு மேலும் எழுத்து, மருத்துவரின் தலைக்கு மேலும் எழுத்து. முப்பது ஆண்டுக்கு முன் டெல்டாவில் கற்பனை செய்யச் சொன்னதை இப்போது படமே எழுதிக்காட்டியது. ஒரு முக்கியமான வேறுபாடு, சேவை செய்பவரின் கவலையும் திரையில் வந்தது.

தாய்லாந்து இதை இன்னொரு பக்கம் கொண்டுபோனது. இயக்குநர் தனோன்சாய் சோர்ன்ஸ்ரீவிச்சாய் 2013இல் ட்ரூமூவ் எச் என்ற கைப்பேசி நிறுவனத்துக்கு எடுத்த மூன்று நிமிடப் படத்தில், தாய்க்காக மருந்து திருடி மாட்டிக்கொண்ட சிறுவனுக்காகச் சூப் கடைக்காரர் பணம் கட்டி, ஒரு பை சூப்பும் கொடுத்தனுப்புகிறார். முப்பது ஆண்டு கழித்துக் கடைக்காரர் நோயில் விழுகிறார். மகள் முன் 7,92,000 பாட் மருத்துவச் செலவுச் சீட்டு. மறுநாள் அந்தத் தொகை பூஜ்யமாகியிருக்கிறது. சிகிச்சை செய்த மருத்துவர்தான் அந்தச் சிறுவன். அடுத்த ஆண்டு அதே இயக்குநர் தாய் லைஃப் இன்ஷூரன்ஸுக்காக ‘அன்சங் ஹீரோ’ எடுத்தார். கைப்பேசி எங்கும் விற்கப்படவில்லை, காப்பீட்டுத் திட்டம் விளக்கப்படவில்லை. கடைசியில் நிறுவனத்தின் பெயர் மட்டும் வருகிறது. தொலைபேசி நிறுவனத்தின் வேய்ல் 1908இல் தொடங்கியதும் இதே வழிதான். வேறுபாடு, அவர் தன் ஊழியரின் பணிவைக் காட்டினார். இவர்கள் யாரோ ஒருவரின் கருணையைக் காட்டிப் பெயரை மட்டும் ஒட்டிக்கொள்கிறார்கள். பெல் படங்களுக்காவது ஒரு பொறுப்பு இருந்தது. படம் பார்த்தவர் மறுநாள் தொலைபேசியை எடுத்து, வாக்குறுதி உண்மையா என்று சோதித்துவிட முடியும். சூப் கடைக்காரரின் நல்ல மனதை வைத்துக் கைப்பேசி நிறுவனத்தைச் சோதிக்க வழியில்லை.

பழைய படங்களில் பெரும்பகுதி வேலை முடிந்ததும் குப்பைக்குப் போயிற்று. காப்புரிமை புதுப்பிக்கவோ பிரதி வைக்கவோ நிறுவனங்கள் அக்கறை காட்டவில்லை. மூடப்பட்ட கூடங்களிலும் பள்ளிக் கிடங்குகளிலும் கிடந்தவற்றை 1980களின் தொடக்கத்திலிருந்து ரிக் பிரெலிங்கர் சேகரித்தார். 2006இல் வெளியான அவருடைய கையேடு 452 படங்களை விவரிக்கிறது. அவரது சேகரிப்பை 2002இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கிக்கொண்டது. ‘ஹையர்ட்!’ உட்பட ஆயிரக்கணக்கான படங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இன்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.